உமர் (ரலி) ஏறிய சுவரும் நம் வீட்டுத் தொலைக்காட்சியும்



2018ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் ஜூன் மாத நடுவில் வந்தது. தொழுகையை முடித்து, பெரியவர்களுக்கு ஸலாம் கூறி, நண்பகலில் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆலங்காயத்திலுள்ள என் தங்கை வீட்டை அடைந்தோம். மச்சான் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் கொண்டுவந்து அவரிடம் விற்கும் பெரியவர் ஒருவர், அன்று பலாப்பழம் ஒன்றைச் சுமந்துகொண்டு பெருநாள் விருந்துக்கு வந்திருந்தார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், பல்லாண்டுப் பழக்கம். உள்ளே வந்து அமருமாறு எவ்வளவோ அழைத்தும், திண்ணையிலேயே உட்கார்ந்து பிரியாணி உண்டுகொண்டிருந்தார்.

உள்ளே தொலைக்காட்சியில் ‘சிங்கம்’ ஓடிக்கொண்டிருந்தது. மத்ரஸா ஆசிரியன் இருக்கும் இடத்தில் சினிமாவா என்று வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தால் குற்றம் சொல்ல மாட்டேன். எழுந்து வேறு அறைக்குச் சென்றிருக்கலாம், செல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், நானும் பார்த்தேன். படத்தின் இறுதியில் வில்லன் ஆந்திரத்துக்குத் தப்பியோடுகிறான். காவல் அதிகாரி துரைசிங்கம் விடாமல் துரத்திச் சென்று அவன் கதையை முடிக்கிறார். பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தனர். என் முகத்திலும் ஒரு நிறைவான புன்னகை இருந்தது என்பதை ஒளிக்கமாட்டேன்.

கை கழுவ எழுந்த பெரியவர் வாசற்படியில் நின்று அக்காட்சியைப் பார்த்திருக்கிறார். அவர் மச்சானிடம் கேட்டார்: “ஆந்திராவுல வெச்சு சுட்டாங்களே பாய், அந்த ஆளு என்ன பண்ணான்?”

“பெரிய ரவுடிங்க. ஆளக் கடத்திப் பணம் பறிக்கிறவன்” என்றார் மச்சான்.

பெரியவர் தலையசைத்தார். “எங்க மலைப் பசங்கள சுட்டப்பவும் அப்படித்தான் சொன்னாங்க” என்றார். பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, நேரமாகிறது, பேருந்து போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

அவர் எதைச் சொன்னார் என்பது எங்கள் பகுதியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் கொல்லப்பட்டனர். இறந்தோர் தமிழகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தார். ஜவ்வாது மலையின் குடும்பங்கள் பலவற்றில் அன்று இழவு விழுந்தது. கற்களாலும் ஆயுதங்களாலும் தாக்கவந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்தில் வந்தவர்களை வழியில் இறக்கிப் பிடித்துச் சென்றார்கள் என்று தப்பிவந்தவர்கள் கூறினர். தேசிய மனித உரிமை ஆணையம் விவகாரத்தைக் கையில் எடுத்தது. வழக்குகள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. செம்மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம், அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த 20 பேரில் எவர் வெட்டினார், எவர் வெட்டவில்லை, எவர் எதற்கென்று தெரியாமலே தரகரின் கூலிப் பேச்சை நம்பிச் சென்றார் என்பதை விசாரித்துச் சொல்லும் வாய்ப்பு எந்த நீதிபதிக்கும் கிடைக்கவில்லை. பிணங்களை விசாரிக்க இயலாது.

பெரியவரின் சொல் என்னைத் தொந்தரவு செய்தது. நாம் ஏன் கைதட்டினோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

இயக்குநர் ஹரியின் ‘சிங்கம்’ 2010இல் வெளிவந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உதவி ஆய்வாளராக இருக்கும் துரைசிங்கம், சென்னையின் பெரும் ரவுடி ஒருவனை எதிர்க்கும் கதை. 2013இலும் 2017இலும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. இரண்டாம் பாகத்தில் அவர் பள்ளியொன்றில் என்.சி.சி. அதிகாரியாக வேடமிட்டு உளவறிகிறார். முதல் பாகம் 2011இல் இந்திக்கும் சென்று அங்கும் தொடராக வளர்ந்தது. இதற்கு முன்பே, 2003இல், இதே இயக்குநரின் ‘சாமி’ வந்திருந்தது. அதில் காவல் அதிகாரி வில்லனைக் கொன்றுவிட்டு, அவன் தலைமறைவாகிவிட்டதாக ஊரை நம்பவைக்கிறார். அதையும் மக்கள் கொண்டாடினர்.

இவ்வகைக் கதை நம் நாட்டில் மட்டும் பிறந்ததன்று. அமெரிக்காவில் 1971இல் ‘டர்ட்டி ஹாரி’ என்ற படம் வந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஹாரி கலஹன் என்னும் துப்பறியும் அதிகாரி, கொலைகாரனைப் பிடித்துச் சித்திரவதை செய்து உண்மையைக் கறக்கிறார். முறைதவறிப் பெற்ற சான்று செல்லாது என்று கொலைகாரன் விடுவிக்கப்படுகிறான். பிறகு ஹாரி அவனைச் சுட்டுக் கொல்கிறார். 1988 வரை அவ்வரிசையில் ஐந்து படங்கள் வந்தன. சட்டம் மெதுவானது, நீதிமன்றம் குற்றவாளிக்குத் துணைபோவது, விதிகளை மீறும் ஒருவரே மக்களைக் காப்பவர் என்பதே இப்படங்கள் அனைத்தின் சாரம்.

இக்கதைகளில் ஒரு தந்திரம் உண்டு. வில்லன் செய்த கொலையை இயக்குநர் நமக்கு முன்னரே காட்டிவிடுகிறார். ஆகவே காவலர் அறைந்தாலும் சுட்டாலும் நம் உள்ளம் உறுத்துவதில்லை. நம் கண்ணால் கண்டோமே! ஆனால் தெருவில் நிகழும் எந்தக் குற்றத்தையும் அவ்வாறு நமக்கு யாரும் காட்டுவதில்லை. அங்கே நம் கையில் இருப்பது சந்தேகம் மட்டுமே. மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. திரைப்படம் பார்க்கும் இரண்டரை மணி நேரம் நாம் மறைவானதை அறிந்தவர்களாக அமர்ந்திருக்கிறோம். அந்த மயக்கம், படம் முடிந்த பின்னும் நம்மை விட்டு இறங்குவதில்லை.

என்னை விட்டு இறங்கவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதக் காரணம்.

அப்பெருநாளுக்குச் சில மாதங்கள் கழித்து, நான் பாடம் நடத்தும் மக்தபில் 500 ரூபாய் காணாமற்போனது. பிள்ளைகளுக்குக் கிதாபுகள் வாங்கச் சேர்த்த பணம். என் மேசை இழுப்பறையில் வைத்ததாக எனக்கு உறுதியான நினைவு. அஸருக்குப் பின் பதினொரு வயது மாணவன் ஒருவன் தனியாக அவ்வறையிலிருந்து வெளியே வந்ததை மற்றொருவன் பார்த்திருந்தான். தந்தையை இழந்த பிள்ளை. தாய் பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறார். வறுமையே அவனுக்கு எதிரான சாட்சியாக என் மனத்தில் எழுந்துநின்றதை இன்று நினைத்தால் கூசுகிறது.

அவனை அழைத்துக் கதவைச் சாத்தினேன். அடிக்கவில்லை; அந்த ஒன்றிலிருந்து அல்லாஹ் காத்தான். ஆனால் குரலை உயர்த்தினேன். “எனக்கு எல்லாம் தெரியும். நீயாகச் சொன்னால் நல்லது” என்றேன். ஒன்றும் தெரியாமலே எல்லாம் தெரியும் என்று சொல்வதை நான் எங்கே கற்றேன்? எந்தக் கிதாபிலும் கற்கவில்லை. அரை மணி நேரம் நிற்கவைத்தேன். இறுதியில் அவன் தலையைக் குனிந்து, “நான்தான் எடுத்தேன் ஹஜ்ரத்” என்றான். பணம் எங்கே என்று கேட்டேன். தின்பண்டம் வாங்கிவிட்டேன் என்றான். மறுநாள் மற்ற மாணவர்கள் முன்னிலையில் அவனை எழுப்பி, அமானிதத்தைப் பற்றி உபதேசம் செய்தேன். அன்று மாலையே அவன் தாய் எங்கோ கடன் வாங்கிய 500 ரூபாயைக் கொண்டுவந்து, முகத்திரைக்குப் பின்னால் அழுதவாறு கொடுத்துச் சென்றார். உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்தியில் இருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து, வருகைப் பதிவேட்டின் பிளாஸ்டிக் உறையை மாற்றுகையில் உள்ளிருந்து அந்த 500 ரூபாய்த் தாள் விழுந்தது. நானே பத்திரமாக வைத்து, நானே மறந்திருக்கிறேன்.

மஃரிப் தொழுதுவிட்டு அவன் வீட்டுக்குச் சென்றேன். தாயிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். “எடுக்காமலே ஏன் எடுத்தேன் என்றாய்?” என்று அவனிடம் கேட்டேன். அவன் சொன்னான்: “எடுத்தேன்னு சொன்னா விட்டுருவீங்கன்னு நெனச்சேன் ஹஜ்ரத்.”

அச்சுறுத்தலுக்கு உள்ளானவனின் ஒப்புதல் ஏன் செல்லாது என்பதை நான் பாடமாகப் படித்திருக்கிறேன். ஒரு மனிதனைப் பசியில் வாட்டினாலோ, பயமுறுத்தினாலோ, சிறைப்படுத்தினாலோ, அவன் தனக்கு எதிராகச் சொல்லும் சொல்லை நம்பமுடியாது என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதை, கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்துத் தலைமைக் காழி இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிந்திருக்கிறார். நம் நாட்டுச் சட்டமும் இதையே வேறு வகையில் சொல்கிறது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளக்கூடாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைத் தொடர்கிறது. இவ்வளவும் படித்த நான், ஒரு சிறுவனின் பயத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

சகோதர சகோதரிகளே, விதிகளை மீறிக் குற்றவாளியைப் பிடிக்கும் கதை நம் வரலாற்றிலும் ஒன்று உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’ உள்ளிட்ட நூல்களில் அது காணப்படுகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் வீதிகளைச் சுற்றிவருவது வழக்கம். ஓர் இரவு ஒரு வீட்டினுள்ளே பாட்டொலி கேட்டது. கலீஃபா சுவரேறிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு மனிதன், அருகில் ஒரு பெண், எதிரில் மது. குற்றம் கண்ணெதிரே இருந்தது. கண்டவரோ ஆட்சித் தலைவர். கலீஃபா அவனைக் கடிந்துகொண்டார்கள்.

அம்மனிதன் அஞ்சவில்லை. அவசரப்படாதீர்கள் என்றான். நான் அல்லாஹ்வுக்கு மாறு செய்தது ஒரு விஷயத்தில். நீங்கள் செய்தது மூன்றில் என்றான். துருவி ஆராயாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருக்க, நீங்கள் உளவு பார்த்தீர்கள். வீடுகளுக்குள் வாசல் வழியே வருமாறு அவன் ஏவியிருக்க, நீங்கள் சுவரேறினீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் கூறாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள் என்று அவன் கூறியிருக்க, நீங்கள் இரண்டுமின்றி நுழைந்தீர்கள். இதுவே அவனது வாதம்.

உமர் (ரலி) அவர்கள் அதை மறுக்கவில்லை. மன்னித்தால் திருந்துவாயா என்று கேட்டார்கள், அவன் ஆம் என்றான், விட்டுவிட்டுச் சென்றார்கள். இதே காட்சி இன்றைய திரைப்படத்தில் வந்தால், சுவரேறும்போதே அரங்கம் அதிர்ந்திருக்கும். அம்மனிதன் வாயைத் திறக்குமுன் அறை விழுந்திருக்கும். நம் முன்னோர் இக்கதையைப் பாதுகாத்து வைத்தது கலீஃபாவின் துணிச்சலுக்காக அன்று. தாம் ஏறிய சுவரிலிருந்து இறங்கிவந்த அவர்களது நேர்மைக்காக.

திரைத்துறையிலும் அவ்வாறு இறங்கிவந்த ஒருவர் உண்டு. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கூறி வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாட்களில் இருவரும் இறந்தனர். சி.பி.ஐ. விசாரித்துக் காவலர்கள்மீது கொலைக் குற்றம் சுமத்தியது. துரைசிங்கம் பிறந்த ஊராகப் படத்தில் காட்டப்படுவதும் அதே மாவட்டம்தான். அம்மாதத்தின் இறுதியில், காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி அறிக்கை வெளியிட்டார். 2023இல் மும்பை உயர்நீதிமன்ற நீதிபதி கௌதம் படேலும், இந்தி ‘சிங்கம்’ போன்ற படங்கள் தரும் செய்தி ஆபத்தானது என்று பொதுமேடையில் எச்சரித்தார்.

இனி நாம் நம்மைப் பற்றிப் பேசவேண்டும். 2012 நவம்பரில் ‘துப்பாக்கி’ வந்தபோது முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. படக்குழுவினர் வருத்தம் கூறிச் சில காட்சிகளை நீக்கினர். அடுத்த ஆண்டு ‘விஸ்வரூபம்’ படத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. நம்மைப் பயங்கரவாதிகளாகச் சித்தரிப்பதில் நமக்கு வலி இருந்தது. அந்த வலி நியாயமானது. ஆனால் நாம் எதிர்த்தது வில்லனின் பெயரை மட்டுமே. விசாரணையின்றிச் சுடும் முறையை நாம் எதிர்க்கவில்லை. வில்லனின் பெயர் மயில்வாகனம் என்றிருந்தால், பெருநாள் பிரியாணி உண்டபின் அமர்ந்து கைதட்டினோம். அந்த முறை சரியென்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டால், அது நாளை நம் பிள்ளையின் பெயரைத் தேடிவரும்போது எந்த வாயால் மறுப்போம்?

அந்நிஸா அத்தியாயத்தின் 105 முதல் 112 வரையிலான வசனங்கள் இறங்கிய காரணத்தைத் தஃப்சீர்களில் பார்க்கலாம். மதீனாவில் ஒரு கவச உடை திருடுபோனது. திருடியவன் முஸ்லிம் குலத்தவன். பழி ஒரு யூதர்மீது விழுமாறு செய்யப்பட்டது. குலத்தார் தம் ஆளுக்காகப் பரிந்து பேசினர். அப்போது அல்லாஹ் இறக்கிய வசனங்கள் அந்த யூதரைக் குற்றமற்றவராக்கின; மோசடி செய்வோருக்காக வாதாட வேண்டாம் என்று தன் தூதர் (ஸல்) அவர்களுக்கே அறிவுறுத்தின. பிற சமயத்தார் ஒருவரின் பழி துடைக்க வஹீ இறங்கிய சமுதாயம் நாம். சேஷாசலத்தில் இறந்த மலைவாழ் மக்களுக்காகப் பெருநாளன்று நம் கைகள் ஒரு கணம் நின்றிருக்க வேண்டாமா?

காவலர்கள் நமக்குப் பகைவர்கள் அல்லர். இரவில் நாம் உறங்க அவர்கள் விழித்திருக்கிறார்கள். அவர்களில் நேர்மையானவர்கள் சட்டத்தின் வழியே நடந்து, சாட்சியம் திரட்டி, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. மோதல் சாவு நிகழ்ந்தால் வழக்குப் பதிய வேண்டும், தனித்த விசாரணை வேண்டும், உடனடியாகப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2014இல் நெறிமுறைகள் வகுத்தது. அந்நெறிகளை மதிக்கும் காவலரே நம் மரியாதைக்குரியவர்.

பிள்ளைகள் எந்தப் படத்தையும் பார்க்காமல் தடுத்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் அருகில் அமர்ந்து ஒரு கேள்வி கேட்கலாம்: “அவன் குற்றவாளி என்பது உனக்கு எப்படித் தெரியும்? படம் காட்டாமல், காவலர் மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா?” இந்தக் கேள்வியை இப்போது என் மாணவர்களிடம் கேட்கிறேன். என் 500 ரூபாய்க் கதையையும், பெயர் சொல்லாமல் மறைக்காமல், அச்சிறுவன் அமர்ந்திருந்த அதே வகுப்பில், அவன் முன்னிலையிலேயே சொன்னேன். எல்லோர் முன்னும் பழி சுமத்தியவன் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்பதே முறை. அவன் தொடர்ந்து ஓத வந்தான். எனினும் நீண்ட நாட்கள் நான் பெயர் சொல்லி அழைத்தால், எழுமுன் ஒரு கணம் தயங்குவான்.

அடுத்த கோடையில் மாணவர்களோடு ஜமுனாமரத்தூர் சென்றபோது அப்பெரியவரின் ஊருக்கும் போனோம். மோர் கொடுத்தார். பெருநாளன்று கைதட்டியதற்கு வருத்தம் தெரிவித்தேன். “அதெல்லாம் புள்ளைங்க பாய், அதுங்களுக்கு என்ன தெரியும்” என்றார். பிள்ளைகளோடு நானும் இருந்தேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு இன்னொரு குவளை மோர் ஊற்றினார்.

அறியாததை அறிந்ததாக எண்ணிப் பிறர்மீது பழி சுமத்துவதிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் காப்பானாக. ஆமீன்.